பெட்டிக்குள் ஒரு பெப்பர்மின்ட்

எனக்கு ஊதல் காற்று ஒத்துக்கொள்ளாது, லெப்டினன்ட். கழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிட்டால் நிம்மதியாகப் பேசலாம். நன்றி. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் காபி சுமார்தான், ஆனால் சூடாக இருக்கிறது. சினிமா ஸ்டுடியோவில் அதுகூடக் கிடைக்காது.

யாரும் என்னைத் தேடவில்லை, நானாகவே நடந்து வந்தேன் என்பதை உங்கள் சுருக்கெழுத்துப் பெண் முதலில் எழுதிக்கொள்ளட்டும். வெர்னா பில்ச் என்பவள் கடற்கரை ஓட்டலின் ஆறாவது மாடியிலிருந்து விழுந்து செத்ததை நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். இன்றைய பேப்பரில் முதல் பக்கத்தில் அவள் படம் போட்டு, 'நம் காலத்தின் மிகப் பெரிய நகைத் திருடி' என்று எழுதியிருக்கிறார்கள். தயாரிப்பாளரின் மனைவியுடைய வைர நெக்லஸ் அவள் கையில் இருந்ததாம். கடைசிப் பாராவில் போனால் போகிறதென்று என்னையும் சேர்த்திருக்கிறார்கள்: 'அவருடைய பழைய உதவியாளர் ஆர்வில் ஸ்டப்ஸ் துயரத்தில் ஆழ்ந்திருக்கிறார்.'

துயரம் உண்மை. உதவியாளர் என்பது பொய். அதைத் திருத்தத்தான் வந்தேன். அதைத் திருத்தப் போனால் மற்றதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

இதோ, உங்கள் மேஜையில் வைக்கிறேன். அசல் நெக்லஸ் இதுதான். இந்த மினுமினுப்பைப் பாருங்கள். அவள் கையிலிருந்து நீங்கள் எடுத்தது ஷூட்டிங்குக்காகச் செய்த போலி. தயாரிப்பாளரின் மனைவி பாவம், கண்ணாடிக் கல் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்களிடம் இருக்கும் போலியையும் இதன் பக்கத்தில் வைத்து, நகைக்கடைக்காரரைக் கூப்பிட்டு அனுப்புங்கள், நான் காத்திருக்கிறேன். அதுவரை பேசலாம்.

நான் ஹங்கேரி நாட்டுப் பிரபு இல்லை. டுலூத் என்ற ஊரில் கசாப்புக் கடை வைத்திருந்தவரின் மகன். பிரபு வேஷம் நியூயார்க்கில் ஒட்டிக்கொண்டது. ஒரு ஹோட்டல் சிப்பந்தி என் இருமலை வெளிநாட்டு உச்சரிப்பு என்று நினைத்துவிட்டான். ஒரு கண்ணுக்கு மட்டும் போடுகிற ஒற்றைக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன். அது சூப்பில் விழுந்த தடவைகளைச் சொல்லத் தொடங்கினால் உங்கள் பெண்ணுக்குக் கை வலிக்கும். நல்ல வீட்டு விருந்துகளில் கலந்துகொள்வேன், யார் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பேன், பிறகு வடிகால் குழாயைப் பிடித்து ஏறுவேன். தொழிலில் எனக்கு நல்ல பெயர். நல்ல பெயர் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

வெர்னாவை முதலில் சந்தித்தது சாரட்டோகாவில். சந்தித்தேன் என்று சொல்ல முடியாது. குதிரைப் பந்தயத்துக்கு வந்திருந்த ஒரு சீமாட்டியின் அறைக்குள், முழங்கால் சிராய்ந்து, கால்சட்டை கிழிந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். நகைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய். வெள்ளை நிறம், உருண்டை. வேறு ஒன்றுமே இல்லை. பெட்டிக்காரியே வைத்தது என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது பெரிய தொப்பி போட்ட ஒரு பெண் என் மேஜைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன பிரபு, ராத்திரி சரியா தூங்கலையா? முட்டியெல்லாம் செராஞ்சிருக்கே."

"குதிரையிலேருந்து விழுந்துட்டேன்" என்றேன்.

"குதிரைக்கு மிட்டாய் புடிச்சுதா?"

அன்றிலிருந்து அப்படித்தான். பாம் பீச், நியூபோர்ட், பெரிய கப்பல்கள் என்று நான் போன இடமெல்லாம் அவள் எனக்கு முன்னாலேயே போயிருப்பாள். பெட்டியைத் திறந்தால் மிட்டாய் இருக்கும். மிட்டாய் இருந்தால் வேறு எதுவும் இருக்காது. அதற்கு அர்த்தம் அதுதான்: வந்தேன், எடுத்தேன், உனக்கு இது. நான் ஒன்றையும் வீணாக்கியதில்லை. எல்லாவற்றையும் சாப்பிட்டிருக்கிறேன். என் பல் போனதற்கு அவள்தான் காரணம் என்று பல் டாக்டரிடம் சொன்னால் அவருக்குப் புரியாது.

அவளை எனக்குப் பிடித்தது. சுற்றி வளைப்பானேன், காதலித்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று நேரம் கிடைத்தபோதெல்லாம் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்.

"பண்ணிக்கலாமே ஆர்வி. மோதிரம் நீயே திருடிக்கிட்டு வா. எனக்கு முன்னாடி போயி எடுத்ததா இருக்கணும். அது ஒண்ணுதான் பரிசம்."

மோதிரம் என்ன, அவளுக்கு முன்னால் போய் ஒரு கைக்குட்டையைக்கூட என்னால் எடுக்க முடிந்ததில்லை. சிரிக்கலாம், லெப்டினன்ட். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

வயதானது. வடிகால் குழாய்கள் எல்லாம் உயரமாகிவிட்டன. இரண்டு பேரும் தொழிலை விட்டோம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு என் அனுபவங்களைச் சொன்னேன். அதைப் படித்துவிட்டு ஸ்டுடியோவில் கூப்பிட்டார்கள். போட்டி போடும் இரண்டு நகைத் திருடர்கள், ஆணும் பெண்ணும், அடித்துக்கொண்டே காதலிக்கிறார்கள் என்று ஒரு சிரிப்புப் படம். அதற்குத் தொழில் ஆலோசகர் வேண்டுமாம். பெரிய மனுஷனைப் போல நுழைந்தேன். டைரக்டர் ப்ராண்டுக்குப் பக்கத்து நாற்காலியில் வெர்னா உட்கார்ந்து வறுத்த கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். கதாநாயகிக்கு ஆலோசகராம். எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள்.

கதை எழுதுகிறவர்கள் என்னிடம் சம்பவங்கள் கேட்டார்கள். நானும் சொன்னேன். இருட்டில் சுவர் ஏறியது, நாயை ஏமாற்றியது, பூட்டைத் தொட்டதுமே அது திறந்துகொண்டது. எல்லாம் முடிந்ததும் வெர்னா ஒரே ஒரு வாக்கியம் சேர்ப்பாள்.

"பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்லு ஆர்வி."

அறையே குலுங்கும். ஒரு வாரத்தில் கதை மாறிவிட்டது. படத்தில் வரும் ஆண் திருடன் காலிப் பெட்டிகளைத் திறக்கிறவன் ஆகிவிட்டான். திறந்ததும் அவன் முகம் போகிற போக்குதான் படத்தின் பெரிய வேடிக்கை. கதாநாயகனுக்கு அந்த முகம் வரவில்லை. நல்ல பையன்தான், ஆனால் வாழ்க்கையில் ஏமாந்ததே இல்லை போலிருக்கிறது. ஆகவே ஆலோசகர் செய்து காட்ட வேண்டியதாயிற்று. விளக்குக்காரர்கள், தச்சர்கள், தலைமுடி அலங்கரிக்கிற பெண்கள் எல்லோரும் சுற்றி நிற்க, நான் காலிப் பெட்டியைத் திறந்தேன். வாய் கொஞ்சம் பிளந்து, ஒற்றைக் கண்ணாடி நழுவி, புருவம் அழுவதற்குத் தயாராகி. ப்ராண்ட் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். மதியம் சாப்பிடப் போனவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வெர்னா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேடிக்கையை ரசிக்கத் தெரிந்தவன் நான்.

முடிவுக்கு வந்தபோதுதான் தகராறு. படங்களைத் தணிக்கை செய்கிற ஆபீசில் புது விதி போட்டிருந்தார்கள். திருடியவன் தப்பக் கூடாது, கடைசியில் ஒருவனாவது பிடிபட வேண்டும். யார் பிடிபடுவது என்று நாள் முழுக்கப் பேசினார்கள். வெர்னா கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள்.

"ஆம்பளைதான். புடிக்கக்கூட வேணாம். போலியைத் தூக்கிக்கிட்டு அவனே ஸ்டேஷனுக்கு வருவான். 'நான்தான் எடுத்தேன், நான்தான் எடுத்தேன்'னு. பேப்பர்ல அவன் பேரு சரியா வரலைன்னா ஒரு நாள் தாங்க மாட்டான்."

தொழில் ஆலோசகர் என்ற முறையில் நான் கடுமையாக ஆட்சேபித்தேன். உலகத்தில் எந்தத் திருடனும் அவ்வளவு முட்டாள் இல்லை, பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்று விளக்கினேன். ப்ராண்ட் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெர்னா சொன்னதையே எழுதச் சொல்லிவிட்டார்.

ஓட்டிஸ் பற்றியும் சொல்ல வேண்டும். செட் சாமான்களுக்குப் பொறுப்பானவன். எப்போதும் கையில் ஒரு டப்பா, அதில் குழைத்த சோப்பு. காமிரா முன்னால் எது மினுங்கினாலும் ஓடி வந்து சோப்பைத் தேய்த்து மங்க வைப்பான். கரண்டி, கதவுக் குமிழ், ஐஸ் வாளி, ஒன்றையும் விட மாட்டான். அத்தனை பெரிய விளக்குகளின் வெளிச்சம் பட்டுத் திரும்பினால் படத்தில் வெள்ளையாக ஓர் ஓட்டை விழுந்துவிடுமாம். ஒரு நாள் நான் காமிராவுக்குக் குறுக்கே வந்தபோது என் வழுக்கையையும் விடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க பிரபு" என்றான். "எது ரொம்ப மினுக்குதோ அதுக்குத்தான் ரொம்ப சோப்பு."

என் தலைக்கு இதைவிட நல்ல பாராட்டு கிடைத்ததில்லை.

கடைசிக் காட்சிகளைக் கடற்கரை ஓட்டலிலேயே எடுத்தார்கள். ஆறாவது மாடி முழுவதும் எங்களுக்கு. விளம்பரத்துக்காகத் தயாரிப்பாளரின் மனைவி தன்னுடைய நெக்லஸையே நடன விருந்துக் காட்சிக்குக் கொடுத்திருந்தார். அதே அச்சில் ஒத்திகைக்குப் போலி ஒன்றும் இருந்தது. என் அறைக்கும் வெர்னாவின் அறைக்கும் நடுவில் இருந்த அறையில் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டும்போது எட்டிப் பார்த்தேன், ஒன்று பளபளவென்று இருந்தது, மற்றது மங்கல். ஓய்வு பெற்ற இரண்டு திருடர்களுக்கு நடுவில் வைரத்தை வைக்கிறவர்கள் சினிமாக்காரர்களாகத்தான் இருக்க முடியும்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. இது ஒன்றை அவளுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். விற்க அல்ல. அவள் எதிரே வைத்து, இதோ பரிசம், இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்க. இத்தனை வருஷத்தில் நான் கேட்டது இது ஒன்றுதானே.

முந்தாநாள் மதியம் எல்லோரும் கீழே தோட்டத்தில் கோழி வறுவலும் ஆப்பிள் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காவலாளியும் தட்டை ஏந்திக்கொண்டு இறங்கிவிட்டான். எனக்குத் தெரிந்த பூட்டுதான். உள்ளே போனேன், பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு நெக்லஸ், பளீரென்று கிடந்தது. அதன் மேல் ஒரு பெப்பர்மின்ட்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆனது என்று சரியாகச் சொல்ல வேண்டும். அவள் எனக்கு முன்னால் வந்துவிட்டாள், அது தெரிந்தது. ஆனால் இந்தத் தடவை பெட்டி காலி இல்லை. மங்கலாகக் கிடந்த போலியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, மினுங்குகிற அசலை எனக்கு விட்டுவைத்திருக்கிறாள். இத்தனை காலம் கேட்டதற்கு இது பதில் என்று எடுத்துக்கொண்டேன். நெக்லஸைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மிட்டாயைக் கையில் பொத்திக்கொண்டு என் அறைக்கு வந்தேன். அழுதேன் என்றுகூட எழுதிக்கொள்ளலாம்.

ஜன்னல் திறந்திருந்தது. மேலே தூக்கித் திறந்து, கீழே இழுத்துச் சாத்துகிற ஜன்னல். கடல் காற்று பலமாக அடித்தது. சாத்தலாம் என்று போனபோது வெளியே வெர்னா நிற்கிறாள். சுவரைச் சுற்றி ஓடும் விளிம்பின் மேல், வெறுங்காலோடு. அவள் எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் போவாள், கதவு வழியாகப் போவது சோம்பேறிகளுக்கு என்பாள். அவள் போயிருந்த நேரத்தில் வேலைக்காரப் பெண் வந்து, காற்றுக்காக அவள் அறை ஜன்னலைத் தாழ் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நடு அறை ஜன்னல் வழியே திரும்பலாம் என்றால் நான் பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டிருக்கும்; வெளியே வந்ததும் அவள் இழுத்துச் சாத்திய அந்த ஜன்னலிலும் உள்ளே கொக்கி விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது என்னுடைய ஜன்னல்.

அவள் மணிக்கட்டில் அந்த மங்கல் நெக்லஸைச் சுற்றியிருந்தாள். இரண்டு கையாலும் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"ஆர்வி, மிட்டாய் கெடைச்சுதா?"

கேட்டுவிட்டு அந்த முகத்தைச் செய்து காட்டினாள். என் முகத்தை. வாய் கொஞ்சம் பிளந்து, புருவம் அழுவதற்குத் தயாராகி. கதாநாயகனைவிட நன்றாக வந்தது, ஒப்புக்கொள்கிறேன். என்னைவிடவே நன்றாக வந்தது.

அவளுடைய விரல்கள் கட்டையின் மேல் இருந்தன. "வெர்னா, கையை எடு, நசுங்கிடும்" என்றேன். நான் ஜன்னலை இன்னும் உயரத் தூக்கப்போகிறேன் என்று நினைத்துக் கையை எடுத்தாள். நான் சாத்தினேன். கொக்கியும் போட்டேன். அவளை நான் தள்ளவில்லை, தொடவும் இல்லை. விரல் நசுங்கக் கூடாது என்று முன்கூட்டியே சொன்னேன். ஒரு கனவான் வேறு என்ன செய்ய முடியும்?

முதலில் அவள் விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னவோ பேசினாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. நெக்லஸைச் சட்டைத் துணியில் தேய்த்தாள். என்னைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள். பிறகு மோதிர விரலைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். மோதிரம் எங்கே என்று கேலி. அந்த நிலைமையிலும் கேலி. அவளுக்கு நேரம் காலமே கிடையாது. ஆனாலும் அந்தச் சிரிப்பு மற்ற சிரிப்புகளைப் போல இல்லை. அதை நான் கவனித்தேன், ஏனென்று தெரியவில்லை.

கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மறுநாள் எடுக்க வேண்டிய காட்சியே அதுதான், திருடி விளிம்பில் நடந்து வருவது. ஆலோசகர் செய்து காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ப்ராண்ட் ஒலிபெருக்கிக் குழாயைத் தூக்கி, "அருமை வெர்னா, அப்படியே நில்லு" என்று கத்தினார். சிலர் கை தட்டினார்கள். வெர்னா அவர்களுக்குத் தலை வணங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கண்ணாடியில் தட்டினாள். மறுபடி தட்டினாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. என் பெயரைச் சொன்னாள் என்பது வாயசைவில் தெரிந்தது. ஆர்வி இல்லை, ஆர்வில் என்று முழுப் பெயரையும். அவள் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

நான் திரையை இழுத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். அது கரைவதற்குள் கீழே கை தட்டல் நின்றுவிட்டது.

இவ்வளவுதான். ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். கோபம் இல்லை, சொல்லிவிட்டேன். அசல் என் சட்டைக்குள் இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை ஜெயித்திருந்தேன். அவள் உள்ளே வந்திருந்தால் என்னவாவது சொல்லியிருப்பாள், அது அப்படி இல்லை என்று ஆகியிருக்கும். கொஞ்ச நேரமாவது அது என்னிடம் இருக்கட்டும் என்று பட்டது. அவளே வேறு ஏதாவது வழி கண்டுபிடிப்பாள் என்றும் நினைத்தேன். எப்போதும் கண்டுபிடிப்பவள்தானே.

உங்கள் நகைக்கடைக்காரர் வந்துவிட்டார் போலிருக்கிறது. உட்காருங்கள் ஐயா. நான் கொண்டுவந்தது இடது பக்கம் இருக்கிறது, பார்த்தவுடனே தெரியும். இல்லை, அது இல்லை, அது செத்தவள் கையிலிருந்தது. அதில் என்ன அவ்வளவு நேரம் பார்க்க இருக்கிறது? நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக என்னவோ உதிர்கிறது, பாருங்கள். மட்டமான வேலை.

"சோப்பு" என்கிறார். ஓட்டிஸ் கைபட்டிருக்கும், அவன் கண்டதற்கெல்லாம் தேய்ப்பான். வெந்நீர் கேட்கிறார், கொடுங்கள். கழுவித்தான் பார்க்கட்டுமே.

வெளிச்சம் கொஞ்சம் அதிகம் இந்த அறையில். அதனால்தான் அப்படித் தெரிகிறது. எந்தக் கண்ணாடிக் கல்லும் ஈரமாக இருக்கும்போது அப்படித்தான் மினுங்கும். என்னுடையதை அவர் இன்னும் கையிலேயே எடுக்கவில்லை, லெப்டினன்ட். எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் சுருக்கெழுத்துப் பெண் என் முகத்தை அப்படிப் பார்க்கிறாள்?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. படத்தின் முடிவைப் பற்றி நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கும். அது சிரிப்புப் படம், லெப்டினன்ட், அதில் வருகிறவன் முட்டாள். இரண்டும் ஒன்றல்ல. உதவியாளர் என்பதை மறக்காமல் அடித்துவிட்டு, ஜன்னலைச் சாத்தியது ஆர்வில் ஸ்டப்ஸ், அசலை எடுத்ததும் ஆர்வில் ஸ்டப்ஸ் என்று எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் மிட்டாய் வைத்த பெட்டிகள் அத்தனையிலும், எனக்கென்று ஏதாவது இருந்தது அந்த ஒன்றில்தான்.